கண்ணினுள் புகும் கடுந்தொற்று: காரணமும் மருத்துவமும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கண் நலம் பற்றி இவ்விழாவில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தபோது, எதைப் பேசுவது என்று சில நாள் எண்ணிப் பார்த்தேன். கண்புரை பற்றியும் கண்ணாடி அணிவது பற்றியும் இம்மேடையில் முன்னரே பலர் பேசியுள்ளனர். ஆகவே, அரிதாக வருவதும், வந்தால் ஒரு சில நாள்களில் பார்வையைப் பறித்துக்கொண்டு போவதுமாகிய ஒரு நோயைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். கண்ணின் உள்ளே, அதன் நடுக்குழியில் கிருமி புகுந்து உண்டாக்கும் கடுந்தொற்றே அது. மருத்துவ நூல்கள் இதனை எண்டாஃப்தால்மைடிஸ் என்று வழங்குகின்றன. பெயர் நாவில் நிற்காவிட்டால் குறையில்லை. அதன் அறிகுறிகள் மட்டும் நெஞ்சில் நின்றால் போதும்.

இப்பொருளை நான் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் இருந்த காலம். செஞ்சிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த என் அத்தைக்கு ஒரு திங்கட்கிழமையன்று கண்புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும், சுவரில் தொங்கிய நாள்காட்டியின் எழுத்துகளை உரக்கப் படித்துக் காட்டி மகிழ்ந்தார். வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் என்னை அழைத்தார். "தம்பி, கண் சிவந்திருக்கிறது, உள்ளே குத்துகிறது, காலையில் தெரிந்த எழுத்து இப்போது தெரியவில்லை" என்றார். குடும்பத்தில் முதன்முதலாக மருத்துவம் படிப்பவன் என்ற மிதப்பு எனக்கு. "அறுவை செய்த கண் சிவக்கத்தான் செய்யும் அத்தை. சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள். திங்கட்கிழமை எப்படியும் பார்க்கப் போகிறீர்கள் அல்லவா?" என்றேன். அவர் என் சொல்லை நம்பினார். திங்கட்கிழமை மருத்துவமனைக்குச் சென்றபோது, அந்தக் கண்ணுக்கு விளக்கின் ஒளி மட்டுமே தெரிந்தது. மருத்துவர்கள் அன்றே கண்ணுள் மருந்து செலுத்தினர், அறுவையும் செய்தனர். கண் நின்றது; பார்வை நிற்கவில்லை.

அத்தை என்னை ஒரு நாளும் குறை கூறியதில்லை. ஆனால், நோயின் மூன்று தலையாய அறிகுறிகளையும் ஒரே மூச்சில் அவர் என்னிடம் சொன்னார் என்பதும், கேட்க வேண்டியவன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதன்பின் அவர் தெருவில் மூன்று ஆண்டுகள் எவரும் கண்புரை அறுவைக்கு உடன்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கண்ணில் நேர்ந்த தாமதம் பல கண்களை இருளில் வைத்தது. அந்தக் கடனைத் தீர்க்கும் வகையிலேயே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கண்ணின் உள்ளமைப்பு

கண் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருண்டை. முன்புறம் கண்ணாடி போன்ற கருவிழிப் படலம், அதன்பின் தெளிநீர், அதன்பின் பாவையும் லென்சும். லென்சுக்குப் பின்னே கண்ணின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது விட்ரியஸ் என்னும் விழிக்கூழ். இதன் அளவு ஏறத்தாழ 4 மில்லி லிட்டர். ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீர். எஞ்சியது மெல்லிய இழைகளும் பசைப் பொருளும். இக்கூழைச் சுற்றி உட்சுவராக ஒட்டியிருப்பது, ஒளியைப் பார்வையாக மாற்றும் விழித்திரை.

விழிக்கூழ் தெளிவாக இருக்க வேண்டுமாயின் அதனுள் குருதிக் குழாய்கள் இருத்தல் ஆகாது, அவ்வாறே இல்லை. இத்தெளிவே ஆபத்துக் காலத்தில் குறையாகிறது. உடம்பின் வேறிடத்தில் கிருமி புகுந்தால் குருதியின் வெள்ளணுக்கள் விரைந்து சென்று எதிர்க்கும். விழிக்கூழிலோ அவை வந்து சேரக் காலம் ஆகிறது. அதற்குள் கிருமிகள் பெருகிவிடுகின்றன. பிறகு படை திரண்டு வருகிறது. அப்போது கிருமியின் நஞ்சும், அதனை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் வெளியிடும் பொருள்களும் சேர்ந்து அருகிலுள்ள விழித்திரையைச் சிதைக்கின்றன. வீட்டினுள் நடக்கும் சண்டையில் வென்றவர் யாராயினும் வீடு சேதமுறுவது போன்றது இது. சிதைந்த விழித்திரை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவேதான் இந்நோயில் நாள் கணக்கு உதவாது. மணிக் கணக்கே வேண்டும்.

கிருமி நுழையும் வழிகள்

முதல் வழி அறுவை. இன்று உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படும் அறுவைகளுள் கண்புரை அறுவையும் ஒன்று. ஆதலால், இத்தொற்றும் பெரும்பாலும் அதனையடுத்தே காணப்படுகிறது. கிருமி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலர் வியப்படைவர்: பெரும்பாலும் நோயாளியின் இமை விளிம்பிலிருந்தும் கண்ணின் மேற்படலத்திலிருந்துமே வருகிறது. நம் தோலில் தீங்கின்றி வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியாவே இதில் முதலிடம் பெறுகிறது. வெளியே இருக்கும்வரை அது நம் விருந்தாளி; உள்ளே புகுந்தால் பகைவன். அறுவைக் கருவியோ, கண்ணைக் கழுவப் பயன்படும் நீர்மமோ மாசுபட்டிருந்தால் சூடோமோனாஸ் போன்ற கொடிய கிருமிகள் புகுவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் ஒரே நாளில் அறுவை செய்துகொண்ட பலரும் ஒருசேரப் பாதிப்படைவர்.

பொதுவாக அறுவைக்குப் பின் முதல் இரு வாரங்களுக்குள் நோய் வெளிப்படும். 6 வாரம் வரை வருவதைத் திடீர் வகை என்கிறோம். சில மாதங்கள் கழித்து மெல்ல எழும் வகையும் உண்டு. முகப்பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா, பொருத்தப்பட்ட செயற்கை லென்சைச் சுற்றியுள்ள உறையில் ஒளிந்திருந்து இதனை உண்டாக்குகிறது. சொட்டு மருந்தால் தணிந்து, நிறுத்தியதும் மீண்டும் மீண்டும் தோன்றும் அழற்சி இதன் அடையாளம்.

இரண்டாம் வழி, கண்ணுள் போடப்படும் ஊசி. நீரிழிவாலும் முதுமையாலும் விழித்திரையில் ஏற்படும் வீக்கத்துக்கு இவ்வூசி இன்று பரவலாகப் போடப்படுகிறது. தொற்று சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் நிகழ்கிறது. ஆயினும் வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பேச்சின் வழியே தெறித்து ஊசி முனையை அடையக்கூடும். ஊசி போடும்போது மருத்துவரும் நோயாளியும் பேசாமல் இருக்க வேண்டும் என்று கூறுவது இதனாலேயே. அதை யாரும் அலட்சியம் என்று கருத வேண்டா.

கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவ்வறுவையில் மேலிமையின் அடியில் நீர் வடியச் சிறு கொப்புளம் போன்ற ஒரு வழி அமைக்கப்படுகிறது. அதன் மேற்படலம் மெலிந்தால் பல ஆண்டுகள் கழித்தும் கிருமி புகக்கூடும். அத்தகையோர் கண் சிவந்தாலே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாம் வழி காயம். உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கு, முள், கம்பி, சிறுவர் விளையாடும் அம்புக் குச்சி ஆகியவை கண்ணைத் துளைத்தால் மண்ணின் கிருமிகளும் உடன் செல்கின்றன. மண்ணில் வாழும் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா ஓரிரு நாள்களில் கண்ணையே அழித்துவிடும் ஆற்றல் வாய்ந்தது. துளை மிகச் சிறிதாயின் வலி குறைவாயிருக்கும். அதனால் ஏமாந்துவிடக் கூடாது.

நான்காம் வழி கருவிழிப் புண். இது நம் நிலத்தோடு நெருங்கிய தொடர்புடையது. நெற்கதிரோ கரும்புத் தோகையோ உரசிய கண்ணில் ஃபியூசேரியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் படிந்து புண் உண்டாக்குவது தென்னிந்திய வேளாண் மக்களிடையே மிகுதி. கவனிக்கப்படாத புண் ஆழ்ந்து சென்று உட்கண்ணை அடையும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, சிவப்பைக் குறைத்துக் காட்டிப் பூஞ்சையை வளர்த்துவிடும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நம் குடும்பங்கள் பலவும் நிலத்தோடு வாழ்பவை. ஆதலின் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்தாம் வழி குருதி. உடலின் வேறோர் இடத்திலுள்ள தொற்று குருதி வழியே கண்ணை அடைவது இது. கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளோர், நெடுநாள் குருதிக் குழாயில் குழல் பொருத்தப்பட்டோர், சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோர்க்கு இந்த இடர் உண்டு. தைவான், சிங்கப்பூர் போன்ற ஆசிய நாடுகளில் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும் கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா, அங்கிருந்து கண்ணுக்குப் பரவுவதை மருத்துவர்கள் நன்கு அறிவர். இத்தகைய நோயாளிக்குக் கண்ணோடு உயிரும் காக்கப்பட வேண்டும். முழு உடலையும் ஆராய வேண்டும்.

அறிகுறிகள்

அறுவையோ ஊசியோ காயமோ நேர்ந்த கண்ணில் பார்வை மங்குதல், சிவத்தல், வலித்தல் ஆகிய மூன்றும் முதன்மை. இமை வீங்குதல், ஒளியைக் காணக் கூசுதல், கருவிழியின் பின்னே அடியில் பிறை போல வெண்ணிறச் சீழ் தேங்குதல் ஆகியவையும் தோன்றும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பேராய்வொன்றில், கண்புரை அறுவை முதலியவற்றின் பின் இந்நோய்க்கு ஆளான 420 பேர் ஆராயப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பார்வை மங்கியதாகக் கூறினர். ஆனால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வலியே இல்லை. ஆகவே, "வலி இல்லையே, பொறுத்துப் பார்க்கலாம்" என்பது தவறு. நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்பதே முதற்பெரும் அறிகுறி. அறுவை செய்த கண்ணில் பார்வை நாளுக்கு நாள் தெளிய வேண்டும். சிவப்பு நாளுக்கு நாள் குறைய வேண்டும். இந்தப் போக்கு எந்த நாளில் மாறினாலும் அந்த நாளிலேயே மருத்துவரை நாட வேண்டும்.

'மெட்ராஸ் ஐ' என்று நாம் வழங்கும் கண்வலியோடு இதனைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு. கண்வலி பெரும்பாலும் இரு கண்ணையும் பற்றும், பீளை மிகும், பார்வை பெரிதும் குறைவதில்லை, வீட்டில் பலருக்கும் பரவும். உட்கண் தொற்று பெரும்பாலும் ஒரு கண்ணிலேயே எழும், பார்வையைக் குறைக்கும், பிறர்க்குப் பரவாது.

மருத்துவம்

நோயாளி வந்ததும் மருத்துவர் முதலில் பார்வையை அளப்பார்; விளக்குக் கருவியால் கண்ணின் முன்பகுதியைக் காண்பார்; உட்புறம் கலங்கித் தெரியாவிட்டால் ஒலியலைக் கருவியால் விழிக்கூழையும் விழித்திரையையும் ஆராய்வார். பின்னர், கண்ணைச் சுற்றி மரத்துப்போகச் செய்து, விழிக்கூழில் சில துளிகளை ஊசியால் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அங்கே கண்டறிவர். ஆனால், அம்முடிவு வரும்வரை காத்திருப்பதில்லை. மாதிரி எடுத்த அதே வேளையில் மருந்தும் செலுத்தப்படுகிறது.

மாத்திரை தந்தால் ஆகாதா என்று பலர் கேட்கின்றனர். குருதிக்கும் விழித்திரைக்கும் இடையே இயற்கை ஓர் அரண் அமைத்திருக்கிறது. நஞ்சைத் தடுக்கும் அந்த அரண் மருந்தையும் தடுக்கிறது. வாய்வழி உண்ட மருந்தும் நரம்பில் ஏற்றிய மருந்தும் போதிய அளவில் விழிக்கூழை அடைவது அரிது. ஆகவே, மருந்து நேராகக் கண்ணுக்குள்ளேயே செல்ல வேண்டும். கருவிழி விளிம்பிலிருந்து மூன்றரை அல்லது நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதி வழியே மிக மெல்லிய ஊசியால் இது செலுத்தப்படுகிறது. வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராம் என்பன வழக்கமான அளவுகள், ஒவ்வொன்றும் 0.1 மில்லி லிட்டர் நீரில் கரைந்தவை. முன்னது ஒரு வகைப் பாக்டீரியாக்களையும் பின்னது மற்றொரு வகையையும் அழிக்கும். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான கிருமிகள் அடங்கும். பூஞ்சையாயின் ஆம்ஃபோடெரிசின், வோரிகோனசோல் முதலிய வேறு மருந்துகள் வேண்டும். தேவையைப் பொறுத்து இரண்டு மூன்று நாள்கள் கழித்து ஊசி மீண்டும் போடப்படலாம். "கண்ணுக்குள் ஊசியா?" என்று அஞ்சி வீடு திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஊசியின் வேதனை சில நொடிகள். அதைத் தவிர்த்ததன் வேதனை வாழ்நாள் முழுதும்.

சிலர்க்கு விட்ரெக்டமி என்னும் அறுவை தேவைப்படும். ராபர்ட் மேக்கெமர் என்னும் மருத்துவர் 1970ஆம் ஆண்டையொட்டி வகுத்தளித்த முறை இது. நுண்ணிய துளைகளின் வழியே கருவியைச் செலுத்தி, சீழும் கிருமியும் நிறைந்த விழிக்கூழை வெட்டியெடுத்து, தூய நீர்மத்தால் அவ்விடத்தை நிரப்புகின்றனர். முன்னர்க் குறிப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆய்வு இரண்டு தெளிவுகளைத் தந்தது. வந்த நேரத்தில் ஒளி மட்டுமே உணரும் நிலைக்குப் பார்வை தாழ்ந்திருந்தோர்க்கு உடனடி விட்ரெக்டமி மிகுந்த பயன் அளித்தது. நல்ல பார்வை பெற்றோர் தொகை ஊசி மட்டும் பெற்றவர்களைப் போல் மூன்று மடங்காயிற்று. கையசைவைக் காணும் அளவிலோ அதற்கு மேலோ பார்வை இருந்தோர்க்கு ஊசியே அறுவைக்கு ஈடான பயன் தந்தது. இன்று கருவிகள் நுண்மை அடைந்துள்ளமையால், மருத்துவர் நோயின் வேகத்தைக் கண்டு முன்கூட்டியே அறுவை செய்வதும் உண்டு. எது ஏற்றது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

பயன் எவ்வாறு? அந்த ஆய்வில் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ பாதிப் பேர் படிக்கவும் நடமாடவும் போதிய நல்ல பார்வையை மீண்டும் பெற்றனர். ஆகவே, இந்நோய் வந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று கருதுவதும் தவறே. மென்மையான கிருமி, விரைந்த வருகை, உடனடி மருந்து இவை மூன்றும் கூடினால் கண்ணைக் காக்கலாம். கிருமியைத் தேர்வது நம் கையில் இல்லை. விரைந்து செல்வது முற்றிலும் நம் கையில் இருக்கிறது.

காயம்பட்ட கண்ணுக்கு

கண்ணில் ஏதேனும் குத்தியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கழுவவோ வேண்டா. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். காகிதக் குவளையொன்றின் அடிப்பகுதியைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம்; ஆகையால் வழியில் உணவு கொடுக்காதீர்கள். சுண்ணாம்போ அமிலமோ பட்ட கண்ணுக்கு மட்டும் விதி வேறு. அதனை அந்த இடத்திலேயே தூய நீரால் நெடுநேரம் கழுவிய பிறகே புறப்பட வேண்டும்.

வருமுன் காத்தல்

அறுவைக்கு முன் கண்ணிலும் இமையிலும் போவிடோன் அயோடின் கரைசலை விட்டுச் சில நிமிடம் காத்திருப்பது, எளிதும் மலிவுமான முதற்காவல். 1991ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதன் பயனை நிறுவியது. அறுவையின் முடிவில் கண்ணுள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு செலுத்துவது இரண்டாம் காவல். ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, செஃபுராக்சிம் என்னும் மருந்தால் தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக் காட்டியது.

நம் தமிழகத்துக்குப் பெருமை தரும் செய்தியும் இதில் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று பல ஊர்களில் பரந்து நிற்கிறது. அங்கு நிகழ்ந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர். மோக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுள் செலுத்தாதபோது பத்தாயிரம் பேரில் 7 பேருக்கு வந்த தொற்று, செலுத்தியபோது 2 பேருக்கு எனக் குறைந்தது. உலக மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு இது. கண்புரை அறுவையைக் கண்டு அஞ்ச வேண்டா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. பத்தாயிரத்தில் இருவருக்கு வரும் நோய்க்கு அஞ்சி, அறுவையைத் தள்ளிப்போட்டுப் பார்வை இழப்பது அறிவுடைமை ஆகாது.

நோயாளியின் கடமைகளும் உள. நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல், இமையில் கட்டியோ கண்ணீர்ப் பையில் சீழோ இருந்தால் முன்னரே சொல்லுதல், கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்பே மருந்து விடுதல், குப்பியின் முனை இமையில் படாமல் காத்தல், மருத்துவர் இசையும்வரை கண்ணில் நீர் படாமல் பார்த்தல், ஒருவர் குப்பியை மற்றவர் பயன்படுத்தாமை ஆகியவை அவை. குப்பியின் தூய்மை சிறு செய்தியன்று. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில், மாசுபட்ட செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. அவர்களுள் 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் உயிரிழந்தனர். திறந்து ஒரு மாதமான குப்பியை, எஞ்சியிருக்கிறதே என்று பாதுகாத்து வைக்காதீர்கள்.

முகாம் நடத்துவோர்க்கு

ஔஷத தானம் நம் மரபு போற்றும் தானங்களுள் ஒன்று. நம் அறக்கட்டளைகள் பலவும் கண் முகாம்களுக்கு உதவுகின்றன. அவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, முகாமில் எத்தனை பேர்க்கு அறுவை நடந்தது என்பதோடு, எத்தனை பேர் மறுநாளும் ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபரிசோதனைக்கு வந்தனர் என்பதையும் எழுதி வையுங்கள். வராதவர் வீட்டுக்கு ஒருவரை அனுப்புங்கள். இரண்டு, ஒவ்வொரு நோயாளியின் கையிலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கட்டும்: பார்வை மங்கினால், சிவப்பு மிகுந்தால், வலித்தால் எந்த நேரத்திலும் அழைக்க வேண்டிய எண் அதில் இருக்கட்டும். மூன்று, இரவில் அழைப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஒரு வண்டிக்கான செலவை முன்னரே ஒதுக்குங்கள். பொன்னாடைக்கும் விளம்பரப் பலகைக்கும் ஆகும் செலவில் அது முடிந்துவிடும்.

இரவு நியமமும் மருந்தும்

சூரியன் மறைந்தபின் உண்ணாமையும் பருகாமையும் நம் மூத்தோர் பலரின் நியமம். அந்நியமத்தை மதித்தே ஒரு செய்தியைக் கூற வேண்டும். இரவில் மருந்து தொண்டையில் இறங்குமோ என்று ஐயுற்றுச் சொட்டு மருந்தை நிறுத்திவைத்த பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களின் ஐயம் பொருளற்றதன்று. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே நுண்குழல் ஒன்று உண்டு; அதன் வழியே மருந்து சிறிது தொண்டைக்குச் செல்லும், கசப்பும் தெரியும். அதற்கு வழியும் உண்டு. சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்முனையைச் சுத்தமான விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து பெரும்பாலும் கண்ணிலேயே நிற்கும். அது மருத்துவத்துக்கும் நல்லது. அறுவை புதிதாக நடந்த கண்ணாயின் விழிமேல் விரல் படாமல் இதனைச் செய்யும் முறையை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாத்திரைகளைப் பகலிலேயே முடிக்க இயலுமா என்றும் முன்னரே கேளுங்கள், பெரும்பாலும் இயலும். ஆனால், உட்கண் தொற்று உறுதியானால் மணிக்கொரு முறை, இரவு முழுதும் சொட்டு மருந்து விட நேரும். கண்ணுள் போடும் ஊசி உணவும் அன்று, நீரும் அன்று. விடியட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டா.

முடிவாக

அத்தையின் மறு கண்ணிலும் புரை முற்றியது. அவர் அறுவைக்கு உடன்படவில்லை. கோயிலுக்குச் செல்லவும் பிறர் கையைப் பிடிக்கும் நிலை வந்தது. அப்போது நான் கண் மருத்துவம் முடித்திருந்தேன். பலமுறை வேண்டியபின், "நீ அருகில் இருப்பதாயின் சரி" என்றார். அறுவை நன்கு முடிந்தது. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "தம்பி, கண் சற்றுச் சிவந்தாற்போல் இருக்கிறது" என்றார். இம்முறை நான் காலை வரை பொறுக்கச் சொல்லவில்லை. அந்த நேரமே வண்டி ஏறி, விடியுமுன் அவர் வீட்டை அடைந்து, விளக்கொளியில் கண்ணைப் பார்த்தேன். விடிந்ததும் மருத்துவமனையிலும் காட்டினேன். ஒன்றும் இல்லை. தூக்கத்தில் கை பட்டு ஏற்பட்ட சிறு சிவப்பு. "வீணாக அலைந்தாயே, தம்பி" என்று வருந்தினார்.

அந்த ஓர் இரவைப் போல் மனநிறைவு தந்த பயணம் என் தொழில் வாழ்வில் வேறில்லை. பத்து முறை வீண் அலைச்சல் ஆகலாம். பதினோராம் முறை ஒரு கண் தப்பும். ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர் "நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை" என்று சொன்னால், அந்தச் சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். உடனே புறப்படுங்கள். அத்தை அந்த மறு கண்ணால் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் படித்தார்.